முழங்கால் தண்ணீர்

டிசம்பர் 28, ஞாயிறு

டாக்டர் எழுதச் சொன்னதால் இந்த நோட்டு. வீட்டுக்காரருக்கு எத்தனை மணிக்கு என்ன மாத்திரை, எவ்வளவு சாப்பாடு, எத்தனை தடவை ஒன்றுக்கு, இரண்டுக்கு. "வீட்டுல படிச்சவங்க யாராவது இருந்தா தினமும் குறிச்சு வைக்கச் சொல்லுங்கம்மா" என்றார். நானே குறிப்பேன் என்றேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். அவர் கிறுக்கிக் கொடுத்த சீட்டை மருந்துக்கடைக்காரரே மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் எழுத்தை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

காலை 6.10 பிரஷர் மாத்திரை. 8.00 இரண்டு இட்லி, பாலில் பிசைந்தது. 8.30 ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. ஒன்றுக்கு ஐந்து தடவை. படுக்கைவிரிப்பு இரண்டு துவைத்தேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

மாத்திரை எல்லாம் நேரத்துக்குக் கொடுத்தாயிற்று. பால் பொங்கி அடுப்பு நாசம். இந்தப் பால்காரன் என்னத்தைக் கலக்கிறானோ, இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

ஜனவரி 1, வியாழன்

கோயம்புத்தூரிலிருந்து மகன் ராஜதுரை போன் செய்தான்.

"எம்மா, பொங்கலுக்கு வாரோம். திரும்பும்போது அப்பாவையும் கூட்டிட்டு வந்துருதேன். இங்க ஒரு இல்லம் இருக்கு. டாக்டர், நர்சு எல்லாம் உள்ளயே. வாரம் ரெண்டு தடவ நான் போய்ப் பாத்துக்கிடுவேன். நீ எங்ககூட இரு."

"அப்பாவுக்கு வீடு இருக்கு. வீட்டுல நான் இருக்கேன்."

"எத்தன நாளைக்கும்மா நீ இருப்ப?"

"வருஷப்பிறப்பு அன்னைக்குக் கேக்குற கேள்வியால இது?"

போனை வைத்துவிட்டேன். அவர் கட்டிலில் கிடந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மில்லில் முந்நூறு பேரை மேய்த்த மேஸ்திரி. சுயம்புலிங்கம் என்றால் ஷிப்டே எழுந்து நிற்கும். வாதம் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வலது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சில் மிஞ்சியது "ம்", "சீ", "போ" மூன்றும்தான். மூன்றையும் என்னிடம்தான் சொல்லுகிறார்.

பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை மகள் ஜெயகனி ஏற்பாடு செய்தாள், போன ஆடியில். மூன்றாம் நாள் அனுப்பிவிட்டேன். அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டே போனில் பேசினாள்.

ஜனவரி 3, சனி

காலையில் குளிப்பாட்டும்போது அவர் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். குளியலறைத் தரை நல்ல குளிர்ச்சி. எழுந்திருக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அவசரம் ஒன்றும் இல்லை, யாரும் வருவதாக இல்லை. அடி எதுவும் படவில்லை. எனக்கு முதுகில் லேசாக.

பிரஷர் மாத்திரை 9.40.

ஜனவரி 4, ஞாயிறு

பாளையங்கோட்டையிலிருந்து மகள் ஜெயகனி, மாப்பிள்ளை தவசிமுத்து, பேத்தி யாழினி வந்தார்கள். முதுகு வலியைக் காட்டிக்கொள்ளாமல் நெத்திலிக் குழம்பு வைத்தேன். அவித்த முட்டையும் உண்டு.

மாப்பிள்ளைக்குக் கையுள்ள நாற்காலி, அதன்மேல் துண்டு விரித்துப் போட்டேன். தலைவாழை இலை. அவர் இருக்கிற அறைக்குள் நான் உட்காருவதில்லை, அவரோடு நேருக்கு நேர் பேசுவதும் இல்லை. பதினோரு வருஷமாக அப்படித்தான். எங்கள் அம்மாவும் அப்படித்தான் இருந்தாள். அடுப்படிக் கதவோரம் நின்றுகொண்டு, "ஏட்டி ஜெயகனி, அவுகளுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தவான்னு கேளு" என்பேன். மாப்பிள்ளை இலையைப் பார்த்தபடி, "போதும்னு சொல்லு ஜெயகனி" என்பார். நடுவில் அவள் எதையும் சொல்லமாட்டாள். "ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்லா" என்று சாப்பிட்டுக்கொண்டே இருப்பாள்.

மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் வேலை. தெருவில் அவ்வளவுதான் சொல்லியிருக்கிறேன். ஆண் நர்ஸ் என்றால் அடுத்து ஒரு கேள்வி கேட்பார்கள்.

சாப்பிடுகிற நேரத்தில் இவர் சக்கர நாற்காலியில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்தார். மாப்பிள்ளை எச்சில் கையோடு எழுந்துவிட்டார். "அவுகள உக்காரச் சொல்லு ஜெயகனி, இது நான் தினம் செய்யுததுதான்" என்று ஓடிப்போய் நிமிர்த்தினேன். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் உட்கார்ந்தார். அதற்குள் மாப்பிள்ளை இலையில் சோறு ஆறியிருந்தது.

யாழினிக்கு ஒன்பது வயது. பொங்கல் லீவில் எல்லாரும் பீச்சுக்குப் போகணும், தாத்தாவும் வரணும் என்று ஒரே பிடி. "தாத்தா இல்லாம போட்டோ எடுத்தா அது குடும்ப போட்டோ கெடையாது ஆச்சி" என்கிறாள்.

சாயங்காலம் ராஜதுரைக்கு நானே போன் போட்டுச் சொன்னேன்.

"அப்பாவ பீச்சுக்கா? அவுக வாசலத் தாண்டி ஆறு மாசம் ஆவுது."

"நான் கூட்டிட்டுப் போறேன். கூட்டிட்டுப் போய் நல்லபடியா திரும்பக் கொண்டாந்து சேத்துட்டேன்னா, அந்த இல்லத்துப் பேச்ச நீ எடுக்கக்கூடாது."

"சரிம்மா. ஆனா நீதான் செய்யணும். நாங்க கைவைக்க மாட்டோம்."

"உங்கள யாரு கேட்டா?"

ஜனவரி 6, செவ்வாய்

கெட்டியான சோறு விக்குகிறது. குழைய வைக்க வேண்டும். இரவு மாத்திரை 8.15. களைப்பு.

ஜனவரி 7, புதன்

எதிர்வீட்டு சகாயமேரியிடம் விசாரித்தேன். அவள் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். "முத்துநகர் பீச்சுக்கே போங்கக்கா. தீவு மறிச்சுக் கெடக்குதுல்லா, அலை ஏது? காலைல போனா குளம் மாதிரி கெடக்கும். எவ்வளவு தூரம் உள்ள போனாலும் முழங்கால் தண்ணிதான்" என்றாள். காணும் பொங்கல் அன்று தலைகள்தான் தெரியும், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள் என்று நாளும் அவளே குறித்துக் கொடுத்தாள்.

தண்ணீரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மணல்தான். அடுத்த தெருவில் வீடு கட்டுகிறார்கள், மணல் கொட்டிக் கிடக்கிறது. அவர் தூங்கும் நேரம் பார்த்து, சக்கர நாற்காலியில் அரிசி மூட்டையையும் தண்ணீர் கேனையும் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும். மணலில் இரண்டு முழம் போனதும் சக்கரம் பாதிக்கு மேல் புதைந்துவிட்டது. கொத்தனார் சிரித்தார். "பாட்டி, அரிசி மூட்டைய எங்க ஊர்வலம் கொண்டு போறிய?"

சகாயமேரிதான் வழி சொன்னாள். மணலில் வள்ளத்தை இழுத்து ஏற்றுகிற இடத்தில் சாக்கு விரிப்பார்களாம், விரித்தால் புதையாதாம். மளிகைக்கடையில் கேட்டால் காலிச் சாக்கு கிடைக்கும்.

ஜனவரி 8, வியாழன்

பதினான்கு சாக்கு. கோணி ஊசியும் வாங்கியாயிற்று. ஒன்றோடு ஒன்று தைத்தால் நீளமாய்ப் பாய் மாதிரி வரும்.

ஜனவரி 10, சனி

ஆறு சாக்கு தைத்தேன். ஊசி பெருவிரலில் ஏறிவிட்டது. குனிந்து தைத்ததில் முதுகு இல்லை. மதியம் அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன், திடீரென்று அவர் "சீ" என்றார். பார்த்தால் கரண்டி அவர் காதுப் பக்கம் இருந்தது. கண்ணில் ஏதோ தூசி விழுந்திருக்கிறது, கண்ணை மூடியிருப்பேன்.

ஜனவரி 12, திங்கள்

பதினான்கும் முடிந்தது. வாசலில் விரித்து நாற்காலியை உருட்டிப் பார்த்தேன். அரிசி மூட்டையோடு நன்றாகப் போகிறது. அவர் அரிசி மூட்டையைவிடக் கூட.

ஒன்றுக்கு எத்தனை தடவை என்று இன்றைக்கு எண்ணவில்லை.

ஜனவரி 14, புதன்

ராஜதுரையும் மருமகள் வித்யாவும் வந்துவிட்டார்கள். வித்யா நல்ல பிள்ளை. "அத்த, நான் மாமாவுக்கு டிரஸ் மாத்திவிடட்டுமா?" என்றாள். மருமகள் செய்கிற காரியமா அது. நீ போய்க் காபி குடி என்றேன். ராஜதுரை குளியலறையில் புதிதாய் விரிசல் விழுந்திருந்த வாளியைத் திருப்பிப் பார்த்தான். எப்படி உடைந்தது என்று கேட்டான். பழைய வாளி என்றேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் சரியான நேரத்தில் பொங்கியது. இன்றைக்கு அதைப் பொங்கவிட வேண்டியதுதானே.

ஜனவரி 17, சனி

நாளைக்கு எடுத்து வைத்தவை: சாக்குப் பாய். துண்டு ஆறு. வேட்டி மூன்று. ரப்பர் விரிப்பு. நட்டு வைக்கிற பெரிய குடை. ஒன்றுக்குப் போகிற கேன். மதிய மாத்திரை, தண்ணீர். அவருக்குக் குழைந்த சோறு தனித் தூக்கில். எங்களுக்குப் புளிச்சோறு, எலுமிச்சம் சோறு, உருளைக்கிழங்கு. மாப்பிள்ளைக்குத் தனியாக மீன் பொரித்து எடுக்க வேண்டும், மற்றவர்களோடு சேர்த்துப் புளிச்சோற்றை நீட்ட முடியாது. உட்கார மடக்கு நாற்காலி ஒன்று, மாப்பிள்ளைக்கு.

ஜெயகனி வந்ததும் சிரித்தாள். "எம்மா, பீச்சுல போயுமா அவருக்கு சிம்மாசனம்?"

மூன்றரைக்கு எழுந்தால் சரியாக இருக்கும்.

ஜனவரி 18, ஞாயிறு

வேன் வந்துவிட்டது.

ஜனவரி 19, திங்கள்

நேற்று எழுதவில்லை. எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எட்டரைக்கெல்லாம் கடற்கரைக்குப் போய்விட்டோம். சகாயமேரி சொன்னது சரி. கடல் அசையாமல் கிடந்தது. கரையில் வந்து தொடுகிற தண்ணீர் சத்தம்கூடப் போடவில்லை. வெள்ளைச் சட்டையும் புது வேட்டியும் கட்டி அவரைக் கூட்டி வந்திருந்தேன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

வேனிலிருந்து இறக்கினது நான். சாக்குப் பாயை விரித்தது நான். மாப்பிள்ளை ஒரு முனையைப் பிடிக்க வந்தார், "ஜெயகனி, அவுக சேர்ல உக்காரட்டும்" என்றேன். சொன்ன சொல்லுக்கு ராஜதுரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். யாழினி மட்டும் முன்னால் ஓடிச் சாக்கை மிதித்துச் சரிசெய்தாள். பாய் முடிகிற இடம் வந்ததும், பின்னால் கிடந்த முனையை இழுத்து முன்னால் போட்டுத் திரும்பவும் தள்ளினேன். மூன்று தடவை அப்படி. ஈர மணல் வந்ததும் சக்கரம் தானாகவே ஓடியது. அவர் பாதத்தில் தண்ணீர் பட்டது. இடது கால் விரல்கள் விரிந்தன.

நான் திரும்பி ராஜதுரையைப் பார்த்தேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

குடையை நட்டு அவரை நிழலில் நிறுத்திச் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டேன். மணி ஒன்பதரை. பக்கத்தில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் உட்கார்ந்தேன். தூங்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன்.

கண்ணைத் திறந்தபோது நிழல் இடம் மாறிவிட்டிருந்தது. என்மேல் துண்டு போர்த்தியிருந்தது. தலைக்கு யாரோ சாக்கை மடித்து வைத்திருந்தார்கள். சக்கர நாற்காலி காலியாக இருந்தது.

எழுந்தேன். கால் மரத்திருந்தது, முட்டி போட்டு விழுந்து எழுந்தேன். அப்போதுதான் பார்த்தேன். கடலுக்குள் அவர் நின்றுகொண்டிருந்தார்.

நின்றார். பதினான்கு மாதத்துக்கு அப்புறம். முழங்காலுக்கு மேல் தண்ணீர். பின்னால் மாப்பிள்ளை கைலியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, அவர் அக்குளுக்கடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கியிருந்தார். "இடது... ம், இப்ப வலதக் கொண்டாங்க மாமா. வரும். தண்ணி தூக்கிக் குடுக்கும்." வலது கால் இழுபட்டு ஒரு அடி முன்னால் வந்தது. யாழினி முன்னால் நின்று கைதட்டினாள்.

நான் சேலையோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். "விடுங்க. அவுகள விடுங்க நீங்க" என்று கத்தினேன். மாப்பிள்ளையைப் பார்த்து, நேராக.

மாப்பிள்ளையும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "விட்டா விழுந்துருவாக அத்த."

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். வாயெல்லாம் சிரிப்பு. "சீ, போ" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கரைக்கு வந்து உட்கார்ந்தேன். ஜெயகனி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மணி என்ன என்று கேட்டேன்.

"பன்னெண்டே கால்."

"பொய் சொல்லாதட்டி."

"ரெண்டே முக்கா மணி நேரம் உறங்கியிருக்க. யாழினி உன் மூக்குகிட்ட விரல வச்சுப் பாத்தா. அண்ணன் பயந்துட்டான். அவருதான் நாடிய புடிச்சுப் பாத்துட்டு, யாரும் எழுப்பாதிய, இது உறக்கம்தான், ஒரு வருஷத்து உறக்கம்னாரு."

மாப்பிள்ளை நாடி பிடித்திருக்கிறார். என் கையை.

அப்போதுதான் இவர் கட்டியிருந்த வேட்டி வேறு என்று கண்ணில் பட்டது. கொடி மாதிரி குடைக்கம்பியில் பழைய வேட்டி அலசிக் காய்ந்துகொண்டிருந்தது. ஜெயகனியைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யாரு மாத்தினா?"

"வேற யாரு. பத்து மணிக்கே ஆயிட்டு. அந்தா அங்க குழாயடிக்குப் பக்கத்து ரூம்புக்குத் தூக்கிட்டுப் போயி கழுவி, மாத்தி, மாத்திரையும் குடுத்து, சோறும் ஊட்டியாச்சு. அப்பா முழுசும் தின்னுட்டாங்க."

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. மகளைக் கொடுத்த வீட்டு மனுஷன் கையால். வந்த அன்றிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை அவராக எடுத்துக் குடிக்க விட்டதில்லை நான். புளிச்சோற்றை எடுத்து வைத்தார்கள், தொடவில்லை.

மாப்பிள்ளை அவரைத் துடைத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, ஈரக் கைலியோடு வந்து எனக்கு எதிரே மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடக்கு நாற்காலி பக்கத்திலேயே சும்மா கிடந்தது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். முதுகு விடவில்லை.

"உக்காருங்க அத்த. நான் ஒண்ணு சொல்லுதேன், ஜெயகனிகிட்ட சொல்லி அவ உங்ககிட்ட சொல்லி எல்லாம் ஆவாது. வார்டுல ஒரு ஷிப்டுக்குப் பதினெட்டுப் பேருக்குச் செய்யுதேன். குளிப்பாட்டுதேன், கழுவுதேன், நடக்க வைக்கேன். யாரு எவருன்னே தெரியாது. சொந்த மாமா வீட்டுக்கு வந்தா நாற்காலியில உக்காந்து மீன் தின்னுட்டு, நீங்க அவுகள தப்புத் தப்பா தூக்குறதப் பாத்துட்டுப் போறேன். ஒரு வருஷமா. அந்த மீனு எனக்கு எப்பிடி எறங்கும்னு நெனைச்சீய?"

"தப்பாவா தூக்குதேன்?"

"கையப் புடிச்சு இழுக்கீய. தோள்பட்ட எறங்கிப் போச்சு அவுகளுக்கு. அதான் வலதுபக்கம் தொட்டா சீங்கிறாக."

சீ என்று அவர் சொல்லும்போதெல்லாம் என்மேல் கோபம் என்றுதான் நினைத்திருந்தேன். வலித்திருக்கிறது.

இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். டாக்டர் எல்லாவற்றையும் எழுதச் சொல்லியிருக்கிறார்.

ராஜதுரை அப்போதுதான் பக்கத்தில் வந்தான். "நீ சொன்னபடி கொண்டாந்துட்டம்மா. அப்பா இங்கயே இருக்கட்டும். ஆனா மாப்பிள்ள சொல்லுதத கேளு." மாப்பிள்ளைக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. அன்றைக்கு அவரே வருவாராம். மற்ற நாளில் காலையில் இரண்டு மணி நேரம், அவருக்குத் தெரிந்த பையன் ஒருவன், இந்த வேலை படித்தவன், வந்து குளிப்பாட்டி நடக்க வைத்துவிட்டுப் போவான்.

"போன்ல பேசிக்கிட்டே ஊட்டுவானா?" என்றேன்.

"பேசினா போன புடுங்கி கடல்ல போடுங்க" என்றார் மாப்பிள்ளை.

புளிச்சோறு கொஞ்சம் சாப்பிட்டேன். உப்பு கூட. யாரும் சொல்லவில்லை.

திரும்பும்போது வேனில் அவரை ஏற்றியது மாப்பிள்ளை. இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றி, அதைப் பிடித்துத் தூக்கினார். இவர் ஒரு தடவைகூட "சீ" என்று சொல்லவில்லை. இவ்வளவு சுலபமான காரியம் அது.

ராஜதுரையும் வித்யாவும் இன்று காலை கோயம்புத்தூருக்குக் கிளம்பினார்கள். இரண்டு பேர்தான் போனார்கள்.

ஜனவரி 20, செவ்வாய்

மாப்பிள்ளை ஆறேமுக்கால் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். நான் நாற்காலியில் துண்டு விரித்துக் காபி கலந்து கொண்டுவந்தேன். நின்றபடியே குடித்தார். விரித்திருந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வெந்நீர் எங்கே என்றார். காட்டினேன்.

துண்டை இடுப்பில் சுற்றி, எப்படிப் பிடிக்க வேண்டும், எந்தக் காலை முன்னால் வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். ஒரு தடவை என்னைச் செய்யச் சொன்னார். செய்தேன். இவர் "ம்" என்றார். "பாத்தீயளா, திருத்திச் சொன்னா புடிச்சுக்கிடுதீய. எத்தனாங் கிளாஸ் படிச்சிய?" என்றார் மாப்பிள்ளை. அஞ்சு என்றேன். எங்கள் வார்டுக்கு வந்துவிடுங்கள் என்றார்.

அப்புறம் இரண்டு பேரும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வெளியே நின்றேன். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம். மாப்பிள்ளை ஏதோ மில் கதை கேட்கிறார், இவர் ம், ம் என்கிறார். முதுகுக்குச் சோப்பு அந்த நீலப் பெட்டியில் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். தேடி எடுத்துக்கொள்வார்.

வந்து கட்டிலில் உட்கார்ந்தேன், அவருடைய கட்டிலில். மெத்தை அவர் படுக்கும் பக்கம் பள்ளமாக இருக்கிறது. பிரஷர் மாத்திரை மாப்பிள்ளையே கொடுத்துவிட்டார், மணி தெரியாது. செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழே முக்கால் ஆகிறது. உள்ளே இன்னும் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. நான் எழுந்து போகவில்லை.